ஆழம் காட்டும் பழைய வாட்ச்: கையில் எடுப்பது முதல் தண்ணீரில் இறக்குவது வரை

சிங்கப்பூரில் இருந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது என் பெரியப்பா கட்டியிருந்த வாட்ச் இப்போது என்னிடம் இருக்கிறது. டயலைச் சுற்றி மெல்லிய குழல் ஒன்று ஓடும். அதன் ஒரு முனையில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை. பெரியப்பாவுக்கு நீச்சல் தெரியாது. பார்க்க எடுப்பாக இருந்தது, வாங்கினார், அவ்வளவுதான். பல வருஷம் பீரோவில் கிடந்ததை ஓட வைக்கலாம் என்று ஒரு கடையில் கொடுத்தேன். திரும்ப வாங்கப் போனபோது மெக்கானிக் பெருமையாகச் சொன்னார்: "தம்பி, தண்ணி உள்ள போறதுக்கு ஒரு ஓட்டை இருந்துச்சு. பசை வெச்சு நல்லா அடைச்சுட்டேன். இனிமே குளத்துல குதிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

அந்தக் குழல்தான் ஆழமானி, தண்ணீரின் ஆழத்தைக் காட்டும் கருவி. அவர் அடைத்தது அதன் வாயை. சிலிக்கோன் பசை. அதைச் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. தண்ணீரை வெளியே நிறுத்துவதுதான் அவர் தொழில். இந்த ஒரு வகை வாட்சில் மட்டும் தண்ணீர் உள்ளே வந்தால்தான் வேலை நடக்கும். வர வேண்டிய இடத்துக்கு மட்டும் வர வேண்டும், ஒரு நூல் தள்ளிப் போனாலும் மெஷின் துருப்பிடித்துவிடும். ஆகவே வாங்கும்போதும், சோதிக்கும்போதும், ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் தண்ணீர் எதுவரைக்கும் வரலாம்?

வாட்சில் ஆழமானி எதற்கு?

நம் கடற்கரையில் ஆழத்தைப் பாகம் என்ற அளவில் சொல்வார்கள். இரு கைகளையும் விரித்தால் வருகிற நீளம். கயிற்றில் குண்டைக் கட்டி இறக்கி, மேலே இழுக்கும்போது கையை விரித்து விரித்து எண்ணினால் எத்தனை பாகம் என்று தெரிந்துவிடும். ஆங்கிலேயரின் ஃபேதமும் அதே அளவுதான், ஆறு அடி. 1953இல் பிளாங்பெய்ன் நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற டைவிங் வாட்சுக்கு ஃபிஃப்டி ஃபேதம்ஸ் என்று பெயர். நம் மொழியில் சொன்னால் ஐம்பது பாகம், ஏறக்குறைய 91 மீட்டர்.

அந்த வாட்சிலும், ரோலக்ஸ் சப்மரைனர் போன்ற அதன் காலத்து வாட்ச்களிலும் ஒரு சுழல் வளையம் இருந்தது. முங்கும்போது அதன் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்தால் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று தெரியும். ஆனால் அழுத்தக் காற்றைச் சுவாசித்து முங்குபவருக்கு நேரம் மட்டும் தெரிந்தால் போதாது. உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் கரைகிறது என்பதை ஆழமும் நேரமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. அளவு மீறித் தங்கிவிட்டு வேகமாக மேலே வந்தால், கரைந்த நைட்ரஜன் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழாகிவிடும். மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம் வரை போகும். அதனால் முங்குபவர்கள் ஒரு கையில் வாட்சும் மறு கையில் ஆழமானியும் கட்டினார்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் என்ன என்ற யோசனையில் பிறந்தவைதான் நாம் பேசுகிற வாட்ச்கள்.

1. முதலில் என்ன வகை என்று பாருங்கள்

பெயரைப் பார்த்து வகையைத் தீர்மானிக்க வேண்டாம், தண்ணீர் நுழையும் இடத்தைப் பாருங்கள். மூன்று இடங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.

டயலின் ஓரத்திலோ கண்ணாடியின் விளிம்பிலோ வட்டமாக ஒரு குழல் ஓடி, ஒரு முனை திறந்தும் மறு முனை மூடியும் இருந்தால் அது நுண்குழாய் வகை. 1960களில் வந்த நிவாடா கிரென்ஷன் டெப்தோமேட்டிக் இந்த வகையில் பேர்போனது. இதில் பல்சக்கரம் இல்லை, ஸ்பிரிங் இல்லை. குழலில் இருக்கும் காற்றைத் தண்ணீர் அழுத்தும், காற்று சுருங்கும், தண்ணீர் எதுவரை வந்திருக்கிறதோ அதுதான் ஆழம். கெட்டுப்போக ஒன்றுமே இல்லாத கருவி. அதையும் கெடுக்க முடியும் என்று என் வாட்ச் நிரூபித்தது வேறு கதை.

பின்மூடியில் வட்டமாகத் துளைகள் இருந்து, டயலில் நேரம் காட்டும் முட்களோடு ஆழத்துக்கென்று தனியாக ஒரு முள்ளும் இருந்தால் அது தகடு வகை. துளை வழியாக வரும் தண்ணீர் மெல்லிய உலோகத் தகட்டை அழுத்தும், தகடு வளைவது நெம்புகோல் வழியாக முள்ளுக்குப் போகும். இந்த வகையில் முதலில் சொல்ல வேண்டியது ஃபேவர் லூபாவின் பாத்தி. 1865லேயே பம்பாய்க்கு வந்துவிட்ட சுவிஸ் நிறுவனம் அது. சீ சீஃப், சீ கிங் என்று அவர்களுடைய வாட்ச்கள் நம் தாத்தாக்கள் கையில் நிறையவே இருந்தன. 2011இல் டைட்டன் அந்தப் பெயரை வாங்கி, பிற்பாடு அதுவும் கை மாறிவிட்டது. மலையேறுபவர்களுக்காக 1962இல் உயரமானி வைத்த பிவாக் என்ற வாட்சை அவர்கள் கொண்டுவந்தார்கள். பாத்தி அதைத் தலைகீழாக்கிய மாதிரி, உயரத்துக்குப் பதில் ஆழம். மீட்டரில் காட்டுவது பாத்தி 50, அடியில் காட்டுவது பாத்தி 160. நம் கணக்கில் சுமார் இருபத்தேழு பாகம். தாத்தாவின் பெட்டியில் ஃபேவர் லூபா என்று பார்த்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம், கிட்டத்தட்ட எல்லாமே சாதாரண சீ சீஃப்தான். ஆனாலும் பின்மூடியைத் திருப்பிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. 1999இல் வந்த ஐடபிள்யூசி டீப் ஒன் வேறு உத்தியில் 45 மீட்டர் வரை அளந்தது. அதை வாங்கும் நிலையில் இருப்பவருக்கு என் யோசனை தேவைப்படாது.

மூன்றாவது மின்னணு வகை. 1985இல் வந்த சிட்டிசன் அக்வாலேண்ட்தான் இதன் தொடக்கம். இடது பக்கம் மூட்டை மாதிரி துருத்திக்கொண்டு நிற்பது அழுத்த உணரி. முள்ளும் உண்டு, சின்ன எண் திரையும் உண்டு. அதிகபட்ச ஆழத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். வளைகுடாவில் இருந்து திரும்பியவர்கள் வழியாகவும் இது நம் பக்கம் வந்து சேர்ந்திருக்கலாம். கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம் பக்கம் சபுராளிகள், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்கள், உள்ள வீடுகளில் பழைய வாட்ச் விற்பனைக்கு வந்தால் இந்த மூட்டையைத் தேடுங்கள்.

2. வாட்சைத் தொடும் முன் ஒரு குழாயோடு விளையாடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு மதிய நேரம் செலவாகும், ஆனால் நுண்குழாய் வாட்ச் பற்றி மற்ற எல்லாமே இதற்குப் பிறகு தானாகப் புரியும்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் டியூபில் ஒரு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஒல்லியாக இருக்கட்டும். ஒரு முனையை மெழுகுவர்த்தியில் காட்டி இடுக்கியால் நசுக்கி, காற்றுப் போகாமல் மூடுங்கள். மறு முனை வழியாகக் கொஞ்சம் குங்குமத்தைப் போட்டுத் தட்டினால் உள்சுவரில் மெலிதாக ஒட்டிக்கொள்ளும். டியூபை ஒரு கம்பியோடு சேர்த்து நேராகக் கட்டி, அடியில் கல்லைத் தொங்கவிட்டு, திறந்த முனை கீழே பார்க்கும்படி கிணற்றில் இறக்குங்கள். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள். திறந்த முனை நீர்மட்டத்தில் இருந்து ஐந்து மீட்டர் கீழே போனதும் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மேலே இழுங்கள். மேலே வரும்போது காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும். குங்குமம் நனைந்து கரைந்த எல்லை மட்டும் அப்படியே நிற்கும். அளந்து பாருங்கள், 31 செ.மீ. அளவில் இருக்கும்.

குங்குமம் என் யோசனை, உத்தி பழசு. பின்னாளில் லார்டு கெல்வின் என்று அழைக்கப்பட்ட வில்லியம் தாம்சன், ஓடும் கப்பலில் இருந்து கடலாழம் பார்க்க 1870களில் இதையேதான் செய்தார். கண்ணாடிக் குழாயின் உள்ளே சில்வர் குரோமேட் பூச்சு. உப்புத்தண்ணீர் பட்ட இடம்வரை நிறம் மாறும். நம் கிணற்றில் உப்பு இல்லை, அதனால் குங்குமம்.

ஏன் 31 செ.மீ.? இங்கேதான் ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி 1662இல் சொன்ன விதி வருகிறது. அழுத்தம் இரட்டித்தால் காற்றின் பருமன் பாதியாகும். கடலில் சுமார் பத்து மீட்டர் போனால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், அதாவது மொத்தம் இரண்டு. குழலில் பாதிக்குத் தண்ணீர். இருபது மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, முப்பதில் நான்கில் மூன்று, நாற்பதில் ஐந்தில் நான்கு. வாட்சின் குழல் நீளம் 100 மி.மீ. என்று வையுங்கள். முதல் பத்து மீட்டருக்கு 50 மி.மீ. இடம் கிடைக்கிறது. அடுத்த பத்துக்கு 17, அதற்கடுத்த பத்துக்கு 8, முப்பதில் இருந்து நாற்பதுக்கு வெறும் 5. மேலோட்டமான தண்ணீரில் அரை மீட்டர் வித்தியாசத்தையும் காட்டும், ஆழம் போகப் போகக் குத்துமதிப்புதான்.

பூம்புகார் கடலடி ஆய்வில் 1991இல் 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவத்தில் ஒரு கட்டுமானத்தைக் கண்டார்கள். அங்கே இந்த வாட்சைக் கட்டிக்கொண்டு ஒருவர் போனால், 23 மீட்டருக்கும் 25 மீட்டருக்கும் இடையே கோடு நகர்வது இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. கலங்கிய தண்ணீரில், முகமூடி வழியாக, யார் அதைப் படிப்பது? அதுவே கோடியக்கரைக்குத் தெற்கே பாக் விரிகுடா என்றால் கடல் பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள்தான். நுண்குழாய்க்கென்றே அளந்து வைத்த கடல் அது.

3. வாங்கும்போது கண்ணால் பார்ப்பது

பழைய வாட்ச் விற்பவர்கள் எல்லாரும் மெஷினைப் பற்றித்தான் பேசுவார்கள். சுவிஸ் மெஷின், ஒரிஜினல், இத்தனை கல். தலையாட்டிக்கொண்டே ஆழமானியைப் பாருங்கள். மெஷினைச் சரிசெய்ய ஆள் கிடைப்பார், உதிரிபாகமும் கிடைக்கும். கிழிந்த தகட்டுக்கும் உடைந்த குழலுக்கும் இரண்டுமே கிடைக்காது.

இரண்டாவது படியில் போட்ட கணக்கு இங்கே ஒரு ஆயுதம். பழைய டயலை மறுபடி பெயின்ட் அடித்து விற்பது நம் நாட்டில் பெரிய தொழில். பளபளவென்று ஆரஞ்சு, நீலம் என்று கண்ணைப் பறிக்கும் டயலைப் பார்த்தால் அளவுக்கோட்டைக் கவனியுங்கள். நுண்குழாய் வாட்சில் பத்து மீட்டர் குறி, அடியில் என்றால் 33 அடி, குழலின் சரிபாதியில் இருந்தே ஆக வேண்டும். அதற்கப்புறம் எண்கள் நெருங்கிக்கொண்டே போக வேண்டும். எண்கள் சம இடைவெளியில் இருந்தால் அந்த டயலை வரைந்தவருக்கு அது என்னவென்றே தெரியாது. தகடு வகையில் நேர்மாறு. தகடு அழுத்தத்துக்கு ஏற்ற விகிதத்தில் வளைவதால் எண்கள் ஓரளவு சீராகப் பரவியிருக்கும்.

குழலை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு. பச்சையாக இருந்தால் பாசி அல்லது பித்தளைக் களிம்பு. இரண்டுமே சரியாகக்கூடியவை. குழல் ஓடும் பாதையில் கண்ணாடி கீறியோ விரிசல் விட்டோ இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விரிசல் வழியாகக் காற்று தப்பினால் கோடு எந்த ஆழத்திலும் கடைசிவரை ஓடிவிடும். அந்த விரிசல் டயல் பக்கம் திறந்திருந்தால் இன்னும் மோசம்.

தகடு வகையில், முள் காற்றில் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் தள்ளி நின்றால் பேரம் பேசலாம். ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் தகடு நிரந்தரமாக வளைந்துவிட்டது என்று அர்த்தம். விற்பவர் பின்மூடித் துளைக்குள் குச்சியை விட்டு அழுத்தி "பாருங்க, முள் ஆடுது" என்று காட்டினால், கையைப் பிடித்துத் தடுங்கள். இல்லையென்றால் அந்தக் கடையை விட்டே வந்துவிடுங்கள்.

அக்வாலேண்ட் மாதிரி என்றால் பேட்டரி போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். உணரியின் மேல் ஈரம் பட்டதும் திரை ஆழம் அளக்கும் நிலைக்கு மாற வேண்டும். உள்ளே பழைய பேட்டரி கசிந்து பச்சை பிடித்திருந்தால் மின்பலகை போயிருக்கும்.

அப்புறம் ரேடியம். நம் ஊரில் இருட்டில் ஒளிர்வது எல்லாமே ரேடியம்தான், சைக்கிள் மட்கார்டில் ஒட்டுவதுகூட. ஆனால் 1960களின் தொடக்கம்வரை வந்த வாட்ச்கள் பலவற்றில் உண்மையாகவே ரேடியம் பூசினார்கள். அதன் அரை ஆயுள் 1600 வருஷம். ஒளிர்வது நின்றுவிட்டதே, தீர்ந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒளிரும் பூச்சுதான் களைத்துப்போகிறது, கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கிறது. பிறகு வந்த டிரிட்டியத்துக்கு அரை ஆயுள் 12 வருஷம் சொச்சம், இன்றைக்கு அதில் மிச்சம் கொஞ்சம்தான். டயலின் அடியில் சுவிஸ் என்ற எழுத்துக்கு இருபுறமும் டி என்று இருந்தால் அது டிரிட்டியம். எதுவாக இருந்தாலும் முள்ளில் இருக்கும் பூச்சைச் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து. மூடிய வாட்சைக் கையில் கட்டுவதைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. பிள்ளைகள் கையில் திறந்த டயலைக் கொடுக்க மாட்டேன்.

4. குழலைச் சுத்தம் செய்வது

நுண்குழாய் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். ஒரு பக்கம் மூடிய குழலில் தண்ணீரை ஊற்ற முடியாது, காற்று வழிமறிக்கும். ஆகவே சூட்டைப் பயன்படுத்த வேண்டும். வாட்சை உள்ளங்கையில் மூடி நன்றாகச் சூடேற்றுங்கள். குழலின் வாயில் ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் வையுங்கள், பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்பதே போதும். மின்விசிறிக்கு அடியில் வைத்தால் உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கி, சொட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். அரை மணி விட்டு மறுபடி உள்ளங்கையில் வைத்தால் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். பஞ்சில் ஒற்றி எடுங்கள். இருபது முப்பது தடவை செய்ய வேண்டியிருக்கும். டிவி பார்க்கும்போது செய்யலாம்.

ஊசியை விட்டுக் குத்தக் கூடாது. இழுக்க வேண்டிய அழுக்கு இருந்தால் கிடைப்பதிலேயே மெலிந்த தூண்டில் நரம்பு. நானும் அதைத்தான் பயன்படுத்தினேன். வாய்ப்பக்கம் இருந்த பசை நூல் நூலாக வந்தது. ஒரு துணுக்கை மட்டும் தெரியாமல் உள்ளே தள்ளிவிட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைக் கிட்டே கொண்டுவராதீர்கள். பழைய வாட்ச்களின் கண்ணாடி பெரும்பாலும் அக்ரிலிக். அதில் அசிட்டோன் பட்டால் நொடியில் சிலந்திவலை மாதிரி விரிசல் ஓடும்.

5. மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது

இரண்டு சொல்லை எழுதிக் கொடுங்கள். "துளையை அடைக்காதீர்கள்." வேடிக்கைக்குச் சொல்லவில்லை. என் வாட்சை அந்த மெக்கானிக் ஏன் அடைத்தார் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

தண்ணீர் புகுமா என்று பார்க்க வாட்ச்காரர்கள் ஒரு சின்ன கண்ணாடி உருளை வைத்திருப்பார்கள். பாதிவரை தண்ணீர், மேலே காற்று. வாட்சைக் காற்றுப் பகுதியில் தொங்கவிட்டு பம்பு அடிப்பார்கள். பிறகு தண்ணீருக்குள் இறக்கி அழுத்தத்தைக் குறைப்பார்கள். வாட்சுக்குள் காற்று புகுந்திருந்தால் இப்போது அது குமிழாக வெளியே வரும். எங்கே குமிழோ அங்கே கசிவு. நல்ல சோதனைதான். ஆனால் நுண்குழாய் வாட்சை இதில் போட்டால், நன்றாக இருக்கும் குழலில் இருந்தும் குமிழ் வரும், அந்தக் குழல் காற்றை வாங்கத்தானே செய்யும். மெக்கானிக் பார்த்திருப்பார், ஓட்டை என்று முடிவு கட்டியிருப்பார். அதனால் சோதிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். குழலின் வாயில் வரும் குமிழுக்குக் கவலை இல்லை. சாவியின் அடியிலோ, பின்மூடியின் விளிம்பிலோ, கண்ணாடியின் ஓரத்திலோ வந்தால்தான் கசிவு. ரப்பர் வளையங்கள் ஐம்பது வருஷத்தில் தார் மாதிரி ஆகியிருக்கும், கேட்காமலே மாற்றச் சொல்லிவிடுங்கள். சாவியின் உள்ளே இருக்கும் வளையத்தை மறந்துவிடுவார்கள், அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

தகடு வகைக்கு இதே கருவி வேறு விதத்தில் உதவும். தண்ணீரே வேண்டாம், காற்றழுத்தம் போதும். ஒரு பார் (ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) ஏற்றினால் முள் பத்து மீட்டர் பக்கம் போக வேண்டும், இரண்டு பாருக்கு இருபது. மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள், பழைய தகடு. பெட்டிக்குள் அடைபட்ட காற்றோடு ஒப்பிட்டு அளக்கும் அமைப்பாக இருந்தால் இன்னொரு விஷயமும் தெரியும். அழுத்தத்தை அப்படியே வைத்திருக்கும்போது முள் மெல்ல மெல்லப் பூச்சியத்தை நோக்கித் திரும்பினால், காற்று எங்கோ பெட்டிக்குள் நுழைந்து இரு பக்கமும் சமமாகிக்கொண்டிருக்கிறது. முள்ளே கசிவைக் காட்டிக்கொடுத்துவிடும்.

6. தண்ணீரில்

மேலே சொன்ன சோதனையில் தேறாத வாட்சைத் தண்ணீரில் நனைக்காதீர்கள். தேறியதையும் உயிருக்கு ஜாமீனாக வைக்காதீர்கள். ஸ்கூபா முங்குகிறீர்கள் என்றால் கையில் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் இருக்கட்டும், இது மறு கையில் இருக்கட்டும். இரண்டும் சொல்வதை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இதில் உள்ள சுகமே.

நுண்குழாய் வாட்சைச் சித்திரை வெயிலில் படகின் பலகை மேல் வைத்துவிட்டு அப்படியே முங்காதீர்கள். 45 டிகிரிக்குச் சூடான காற்று 28 டிகிரி தண்ணீரில் குளிர்ந்தால் ஐந்து சதவீதத்துக்குமேல் சுருங்கும். நீர்மட்டத்திலேயே அரை மீட்டருக்குமேல் ஆழம் காட்டும். நிழலில் வைத்து, முங்கும் முன் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஆற விட்டு, வாயில் நிற்கும் தண்ணீரை உதறிவிட்டு இறங்குங்கள். கொள்ளிடத்திலோ கிணற்றிலோ என்றால் நல்ல தண்ணீர் கடல்நீரைவிட லேசு. உண்மையான ஆழத்தைவிட மூன்று சதவீதம் போலக் குறைத்துக் காட்டும். ஐந்து மீட்டரில் அது ஒரு சாண்கூட இல்லை.

பிழை எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். குழலின் வாய்ப்பக்கம் அழுக்கோ நீரோ தேங்கினால் ஆழம் கூடுதலாகத் தெரியும். பயந்துகொண்டு சீக்கிரம் மேலே வருவீர்கள், நஷ்டம் இல்லை. மூடிய முனையில் ஏதாவது தேங்கினால் ஆழம் குறைவாகத் தெரியும். இன்னும் போகலாம் என்று தோன்ற வைக்கிற பிழை அது, அதுதான் ஆபத்து.

7. வீட்டில் வைத்துக்கொள்வது

கடலில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஊற வைத்து அலசுங்கள். தகடு வகையில் பின்மூடித் துளைகளுக்கு மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் போதும், குழாயடியில் பிடிக்காதீர்கள், வேகம் ஆகாது. அக்வாலேண்டின் உணரி மூடிக்குள் உப்பு சேரும், அதையும் அலசுங்கள். காயும்போது நுண்குழாயின் வாய் கீழே பார்க்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் சுவரே வியர்க்கும். அந்த இரண்டு மாதமும் வாட்சை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். செருப்பு டப்பாவில் வருவதையே சேர்த்து வைத்து வாணலியில் லேசாக வறுத்துப் பயன்படுத்தலாம். அரிசி மூட்டையில் புதைக்க வேண்டாம். நெற்களஞ்சியத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் அரிசி ஈரத்தை இழுப்பதைவிட தவிட்டுத் தூளைக் குழலின் வாயில் அப்புவதுதான் அதிகம்.

போன வருஷம் பெரியப்பாவின் வாட்சை எங்கள் கிணற்றில் இறக்கினேன். கயிற்றில் கட்டி, டயலைப் பார்த்தபடி ஒரு சின்ன நீர்ப்புகா கேமராவையும் டார்ச்சையும் சேர்த்துக் கட்டினேன். கயிறு ஐந்து மீட்டர். நல்ல தண்ணீருக்குக் கழித்தால் 4.8 காட்ட வேண்டும். காட்டியது 4.5. கணக்குப் போட்டால் குழலின் மூடிய முனையில் இருபதில் ஒரு பங்கு அடைபட்டிருக்கிறது. நான் உள்ளே தள்ளிவிட்ட பசைத் துணுக்கு அங்கேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். மறுபடி தூண்டில் நரம்பை எடுத்து வைத்திருக்கிறேன். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து கிணறு ஊறியதும் இன்னொரு தடவை இறக்கிப் பார்க்க வேண்டும்.